ஐரோப்பாவின் கார்பன் எல்லை வரி: பீன்யாவில் போல்ட் செய்பவர் 2026-க்கு என்ன கணக்கு கொடுக்க வேண்டும்?

கேள்வி: பீன்யா போல்ட்காரர்

எல்லோருக்கும் வணக்கம். பெங்களூரு பீன்யா தொழிற்பேட்டை இரண்டாம் ஃபேஸில் ஹெக்ஸ் போல்ட், ஸ்டட், நட் செய்யும் சின்ன யூனிட். ஜெர்மனிக்கு ஆண்டுக்குச் சுமார் 120 டன் போகிறது, அத்தனையும் 7318 என்ற சுங்கத் தலைப்பில். வாங்குகிறவர் ஒருவரே. 2026-க்கான கார்பன் உமிழ்வுக் கணக்கைச் சரிபார்ப்பாளர் அறிக்கையோடு கொடுங்கள், இல்லையென்றால் ஐரோப்பிய ஆணையம் வெளியிட்ட இயல்பு மதிப்பை (உண்மைக் கணக்கு இல்லாதபோது போடும் பொது எண்ணை) போட்டு, கூடும் செலவை உங்கள் விலையில் கழிப்போம் என்று எழுதியிருக்கிறார்.

இங்கே ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். முதல் ஆண்டில் 2.5 சதவீதம்தான் பிடிப்பார்கள், கவலை வேண்டாம் என்கிறார் ஒருவர். கூரையில் 100 கிலோவாட் சோலார் போட்டால் உமிழ்வு பாதியாகிவிடும் என்கிறார் இன்னொருவர். இந்தியா உலக வர்த்தக அமைப்புக்குப் போனால் சிபாம் (CBAM) என்கிற இந்தக் கார்பன் எல்லை வரிச் சட்டமே விழுந்துவிடும், அதுவரை எதுவும் செய்யாதீர்கள் என்பது மூன்றாமவர் கட்சி. இதில் எதை நம்பி எங்கே பணம் போடுவது? கம்பி யஷ்வந்த்பூர் பக்கத்து ஸ்டாக்கிஸ்டிடம் வாங்குகிறோம். ஹீட் ட்ரீட்மென்ட் உள்ளேயே, எல்.பி.ஜி. உலையில்.

பதில் 1: கணக்குப்பிள்ளை

ஐயா, நீங்கள் கேட்ட மூன்றில் முதலாவதுதான் ஆபத்தானது. அதனால் அதையே கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

ஐரோப்பிய எஃகு ஆலைகளுக்கு அங்கே இன்னமும் இலவச உமிழ்வு அனுமதி கிடைக்கிறது. ஒரு டன் எஃகுக்கு இவ்வளவு என்று ஓர் அளவுகோல் வைத்து, அந்த அளவுக்கு இலவசம். அந்தச் சலுகை 2026-இல் 97.5 சதவீதம், 2027-இல் 95, 2028-இல் 90, 2029-இல் 77.5, 2030-இல் 51.5 என்று இறங்கி 2034-இல் பூஜ்யமாகும். வெளிநாட்டுச் சரக்குக்கும் அதே சலுகையைக் கழித்துவிட்டு மீதிக்குத்தான், ஒரு டன் உமிழ்வுக்கு ஒன்று என்று, சிபாம் சான்றிதழ் வாங்கச் சொல்கிறார்கள். இங்கேதான் எல்லோரும் வழுக்குகிறார்கள். கழிப்பது உங்கள் உமிழ்வில் 97.5 சதவீதம் அல்ல; அவர்களுடைய அளவுகோலில் 97.5 சதவீதம். அளவுகோலுக்கு மேலே உங்கள் எஃகு எவ்வளவு நிற்கிறதோ அது முழுவதும் முதல் ஆண்டிலேயே விலைக்கு வந்துவிடுகிறது.

எண் போட்டுப் பார்க்கலாம். கீழே உள்ள அளவுகோல், கம்பியின் உமிழ்வு, விலை மூன்றும் கணக்கு விளங்குவதற்காக நான் வைத்துக்கொண்டவை. உங்கள் உண்மை எண்களை அந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

120 டன் போல்ட்டுக்கு 130 டன் வயர் ராட் வாங்குகிறீர்கள் என்று வைப்போம். கம்பியின் உமிழ்வு டன்னுக்கு 2.2 டன் கார்பன் டை ஆக்சைடு. 130-ஐ 2.2-ஆல் பெருக்கினால் 286. அந்த 120 டன்னைச் சூடாக்க 19 கிலோ சிலிண்டர் 168 செலவானால் எரிவாயு 3.19 டன். எல்.பி.ஜி. ஒரு டன் எரிந்தால் 2.98 டன் கார்பன் டை ஆக்சைடு, ஆக 9.5 டன். மொத்தம் 295.5. அதை 120-ஆல் வகுத்தால் ஒரு டன் போல்ட்டுக்கு 2.46.

அளவுகோல் 1.4 என்றால் அதில் 97.5 சதவீதம் 1.365. 2.46-இல் அதைக் கழித்தால் 1.095. 120 டன்னுக்கு 131.4 சான்றிதழ். ஒரு சான்றிதழ் 75 யூரோ என்றால் 9,855 யூரோ. யூரோ 100 ரூபாய் கணக்கில் கிலோவுக்கு ஏறக்குறைய 8 ரூபாய் 20 காசு. '2.5 சதவீதம்தான்' என்று சொன்னவர் கணக்குப்படி வெறும் 553 யூரோ வந்திருக்கும். பதினெட்டு மடங்கு வித்தியாசம். விலைப்புள்ளியை அந்த எண்ணை நம்பிக் கொடுத்தால் லாபம் அங்கேயே போய்விடும். இதே சரக்குக்கு, மற்ற எதுவும் மாறாவிட்டால், 2030-இல் சுமார் 15,650 யூரோ. 2034-இல் 22,000-ஐத் தாண்டும்.

இப்போது அந்த 295.5-ஐத் திரும்பப் பாருங்கள். அதில் 286 கம்பியோடு வந்தது. உங்கள் கூரைக்குக் கீழே பிறந்தது 9.5, நூற்றுக்கு மூன்று பங்கு. உலையை மாற்றி, பர்னரை மாற்றி, பட்டறையில் உயிரைக் கொடுத்து உழைத்தாலும் அந்த மூன்று பங்குக்குள்தான் புரள முடியும். உங்கள் எண்ணை எழுதுகிறவர் கம்பி உருக்கிய ஆலைக்காரர். உருக்கிய வழியைப் பொறுத்து அது மலைக்கும் மடுவுக்குமாக மாறும். பழைய இரும்பை மின்வில் உலையில் உருக்கியது மிகக் குறைவு. ஊதுலை வழி நடுத்தரம். பல்லாரி, கொப்பள் பக்கம் நிலக்கரியில் சுடும் ஸ்பாஞ்ச் அயனை இண்டக்ஷன் உலையில் போட்டு எடுத்தது இவற்றில் மிக அதிகம். அளவுகோலும் உருக்கும் வழிக்கேற்ப மாறும், பழைய இரும்பு வழிக்கு மிகச் சிறியது. அப்படியும் மொத்தத் தொகை அந்த வழியில் பெருமளவு குறைகிறது.

சோலார் கேள்விக்கு ஒரே வரி: எஃகுக்கும் அலுமினியத்துக்கும் இப்போது நேரடி உமிழ்வை மட்டும்தான் பிடிக்கிறார்கள், வாங்கும் மின்சாரத்தின் உமிழ்வைக் கணக்கில் சேர்ப்பதில்லை. சிமென்ட்டுக்கும் உரத்துக்கும்தான் அது சேரும். சோலார் போடுங்கள், கரண்ட் பில் குறையும், ஊருக்கும் நல்லது; ஆனால் சிபாம் கணக்கில் ஒரு கிராம்கூடக் குறையாது. இதே காரணத்தால் எல்.பி.ஜி. உலைக்குப் பதில் மின் உலை வைத்தால் உங்கள் பக்கத்து 9.5 டன் பெரும்பாலும் மறைந்துவிடும். ஜெனரேட்டர் டீசல் மின்சாரத்தின் கணக்கில் போகும். ஃபோர்க்லிஃப்ட் டீசல் கணக்கிலேயே இல்லை.

பதில் 2: சரக்குச்சீட்டு

மேலே சொன்னது பொன்னான விளக்கம். நான் ஆவணப் பக்கத்தை மட்டும் சேர்க்கிறேன்.

சட்டப்படி சான்றிதழ் வாங்குகிறவர் அங்குள்ள இறக்குமதியாளர். நீங்கள் ஐரோப்பாவுக்கு நேரடியாக எதுவும் கட்டுவதில்லை. அதனால்தான் ஒப்பந்தத்தில் வாசகம் முக்கியம். 'சிபாம் செலவு முழுவதும் விற்பவர் பொறுப்பு' என்று பொதுவாக எழுதிக் கையெழுத்துக் கேட்பார்கள். அப்படிப் போடாதீர்கள். சான்றிதழ் விலை உங்கள் கையில் இல்லை. 2026 சரக்குக்கு ஐரோப்பிய உமிழ்வு அனுமதியின் அந்தந்தக் காலாண்டுச் சராசரி ஏல விலைதான் அடிப்படை, 2027 முதல் வார விலை. நீங்கள் பொறுப்பேற்கக்கூடியது ஒன்றே: 'ஒரு டன்னுக்கு இவ்வளவு உமிழ்வு, சரிபார்த்த அறிக்கை இந்தத் தேதிக்குள்'. அதற்கு மேலே போனால் வித்தியாசத்தை எப்படிப் பங்கிடுவது என்று எண்ணோடு எழுதிக்கொள்ளுங்கள்.

ஆண்டுக்கு 50 டன்னுக்குக் கீழே என்றால் விலக்கு உண்டு. 2025 அக்டோபரில் வந்த திருத்தத்தில் அதைச் சேர்த்தார்கள். ஆனால் அந்த 50 டன் உங்களுடையது அல்ல. இறக்குமதியாளர் ஒரு காலண்டர் ஆண்டில் எல்லா நாட்டிலிருந்தும் வாங்கும் எஃகு, அலுமினியம், சிமென்ட், உரம் எல்லாம் சேர்த்த நிகர எடை. உங்கள் ஒருவர் சரக்கே 120 டன், பேச்சே இல்லை. மூன்று பெயரில் பில் பிரித்து இறக்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். செயற்கையாகப் பிரிப்பதைச் சட்டமே ஏய்ப்பு என்று சொல்கிறது, மாட்டுவது உங்கள் வாடிக்கையாளர்.

சுங்கக் குறியீட்டையும் பாருங்கள். நம் ஊர் எட்டிலக்க எண்ணில் முதல் ஆறுதான் உலகம் முழுக்க ஒன்று. கடைசி இரண்டு நமக்கு வேறு, அவர்களுக்கு வேறு. நம் ஷிப்பிங் பில்லில் உள்ள எட்டு இலக்கத்தை அப்படியே அவர்கள் படிவத்தில் போட்டால் சரக்கு வேறொன்றாகிவிடும். அவர்களுடைய எண்ணை வாங்குகிறவரிடமே கேட்டு எழுதுங்கள். பீன்யாவில் பல பேருக்குப் பயன்படும் விஷயம் ஒன்று: 7318 போல, 'மற்ற எஃகுப் பொருள்கள்' என்ற 7326-உம் சிபாமுக்குள் வருகிறது, வார்ப்புகளுக்கான 7325 இப்போதைய பட்டியலில் இல்லை, வாகன உதிரிபாகம் 8708-உம் இல்லை. சி.என்.சி.யில் கடைந்த ஒரே துண்டு எந்தத் தலைப்பில் போகிறது என்பதே உள்ளே வெளியே என்று தீர்மானிக்கிறது. அதற்காகத் தலைப்பை மாற்றிப் போடச் சொல்லவில்லை. இதுவரை அசட்டையாகப் போட்டுவந்தவர்கள் இனி சரியாகப் போட வேண்டும்.

தேதிகள்: 2026-இல் இறங்கிய சரக்குக்கான சான்றிதழ் விற்பனை 2027 பிப்ரவரியில் தொடங்கும். இறக்குமதியாளர் 2027 செப்டம்பர் 30-க்குள் கணக்கு ஒப்படைக்க வேண்டும். உங்கள் அறிக்கை அவர் கைக்கு மே, ஜூனிலேயே போய்விட்டால் நல்லது. குறைவாக ஒப்படைத்த ஒவ்வொரு டன்னுக்கும் 100 யூரோ அளவில் தண்டம், அதற்கு மேல் சான்றிதழையும் வாங்கியாக வேண்டும். அவர் பதறுவதில் நியாயம் இருக்கிறது.

கேட்டவர்: பீன்யா போல்ட்காரர்

இருவருக்கும் நன்றி. பதினெட்டு மடங்கு என்று படித்ததும் கொடுத்திருந்த விலைப்புள்ளியை நிறுத்தி வைத்துவிட்டேன். ஸ்டாக்கிஸ்ட் கம்பிச் சுருளை (காயிலை) சின்னக் கட்டுகளாகப் பிரித்துத் தருவதால் ஆலை கட்டிய அடையாள டேக் இல்லாமல் வருகிறது. ஆலையின் எண்ணை எப்படி வாங்குவது? சரிபார்ப்புக்கு ஆகும் செலவு 120 டன்னுக்குக் கட்டுப்படியாகுமா, இயல்பு மதிப்போடு போய்விடலாமா?

பதில் 3: கணக்குப்பிள்ளை

டேக் இல்லாத காயிலை இனி ஜெர்மனி ஆர்டருக்கு எடுக்காதீர்கள். அந்த டேக்கில் உள்ள ஹீட் நம்பர், அதாவது எந்த உருக்கில் வந்த எஃகு என்று காட்டும் எண்தான் உங்கள் பிடிமானம். ஈ.என். 10204 வகை 3.1 சோதனைச் சான்றிதழ் எப்படியும் வாங்கியிருப்பீர்கள். அதிலும் அதே ஹீட் நம்பர், தயாரித்த ஆலையின் பெயர் இருக்கும். உருக்கிய ஆலையும் கம்பியாக உருட்டிய ஆலையும் சில சமயம் வேறு வேறு. பில்லட் (உருக்கி வார்த்த எஃகுக் கட்டை) வாங்கி உருட்டுகிறவரிடம் வாங்கினால் இரண்டு பேருடைய எண்ணும் வேண்டும்.

காயில் வந்து இறங்கிய அன்றே டேக்கைப் படம் எடுத்து, ஹீட் நம்பர், எடை, இன்வாய்ஸ் எண் மூன்றையும் ஒரே வரியில் பதியுங்கள். பிக்ளிங் தொட்டிக்குப் போகும்போது அந்த அட்டை டேக் அமிலத்தில் கரைந்துபோகும். பெரும்பாலான இடத்தில் சங்கிலி அறுவது சரியாக அந்த இடத்தில்தான். தகரத் துண்டில் எண்ணைக் குத்திக் கம்பியோடு கட்டிவிட்டால் அமிலம், பாஸ்பேட் குளியல், வயர் டிராயிங் எல்லாம் தாண்டி ஹெடிங் மெஷின் வரை வரும். அங்கிருந்து லாட் கார்டில் ஏற்றிக்கொள்ளலாம்.

ஆலையிடம் கேட்க வேண்டியது 'உங்கள் கார்பன் எவ்வளவு' என்றல்ல. இந்த ஆலை, இந்தப் பொருள், இந்தக் காலண்டர் ஆண்டு, ஒரு டன்னுக்கு நேரடி உமிழ்வு எவ்வளவு, சரிபார்ப்பு அறிக்கை இருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள். கடைசிப் பகுதி உயிர்நாடி. 2025 வரைக்கும் ஆலை சொன்ன எண்ணே போதுமாக இருந்தது. 2026 முதல் கம்பியின் எண்ணும் சரிபார்க்கப்பட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் கம்பிக்கு இயல்பு மதிப்பு, உங்கள் 9.5 டன்னுக்கு மட்டும் உண்மை மதிப்பு என்று ஆகிவிடும். அப்படி ஆனால் நீங்கள் சரிபார்ப்பாளருக்குக் கொடுக்கும் பணம் வீண். ஆகவே வரிசை இதுதான்: முதலில் ஆலையின் கடிதம், அது கையில் வந்த பிறகே சரிபார்ப்பாளரோடு பேச்சு. தரமாட்டேன் என்கிற ஆலையின் கம்பியை உள்ளூர் ஆர்டருக்கு வைத்துக்கொண்டு, தருகிறவரிடம் ஜெர்மனிக்கு வாங்குங்கள். ஆலைகள் பல சமயம் தயங்குவது தொழில் ரகசியம் வெளியே போகும் என்றுதான். அவர்கள் ஐரோப்பிய ஆணையத்தின் பதிவேட்டிலேயே நேரடியாகப் பதிந்து விவரத்தை ஏற்றும் வழி இருக்கிறது, உங்கள் கையில் முழு விவரத்தையும் தர வேண்டியதில்லை என்று எடுத்துச் சொல்லுங்கள்.

கட்டுப்படியாகுமா என்பதற்கு: இயல்பு மதிப்பு நாட்டுக்கு நாடு, பொருளுக்குப் பொருள் தனித்தனி, அதன் மேல் 2026-இல் 10 சதவீதம், 2027-இல் 20, 2028 முதல் 30 கூட்டுகிறார்கள். ஒரு பேச்சுக்கு இயல்பு மதிப்பு 3.5 என்று வையுங்கள். பத்து சதவீதம் சேர்த்தால் 3.85. அதே 1.365-ஐக் கழித்தால் 2.485; 120 டன்னுக்கு 298 சான்றிதழ், 22,365 யூரோ. உண்மை மதிப்பில் 9,855. வித்தியாசம் பன்னிரண்டரை லட்சம் ரூபாய். சரிபார்ப்பாளர் கேட்கும் தொகை, பயணம், உங்கள் ஆள் நேரம் மூன்றும் சேர்ந்து இதற்குள் அடங்கினால் செய்யுங்கள். 30 டன் ஏற்றுமதி செய்கிறவருக்கு இதே கணக்கு கட்டாமல் போகலாம், ஏனென்றால் சரிபார்ப்புச் செலவு டன்னைப் பார்த்துக் குறைவதில்லை. பீன்யாவில் ஒரே ஆலையின் கம்பி வாங்கும் நாலைந்து பேர் சேர்ந்து, ஒரே சரிபார்ப்பாளரை ஒரே வாரத்தில் வரவழைத்தால் பயணச் செலவாவது பங்காகும். ஐரோப்பிய நாட்டு அங்கீகார அமைப்பின் அங்கீகாரம் பெற்றவரா என்று முதலில் பாருங்கள். ஐ.எஸ்.ஓ. சான்று கொடுக்கிற எல்லோரும் இதைச் செய்ய முடியாது.

இன்னும் ஒரு பள்ளம். நம் டேலி கணக்கு ஏப்ரல் முதல் மார்ச். சிபாம் கணக்கு ஜனவரி முதல் டிசம்பர். டிசம்பர் 31 மாலை கம்பி எத்தனை காயில், மெஷினில் பாதியில் நிற்பது எத்தனை கிலோ, முடித்த போல்ட் எவ்வளவு, நிறைந்த சிலிண்டர் எத்தனை என்று எடுத்து எழுதிக் கையெழுத்துப் போட்டு வைக்காவிட்டால் பிப்ரவரியில் அதைத் திருப்பிக் கட்டவே முடியாது. சிலிண்டரிலும் கவனம்: பெங்களூரு டிசம்பர் குளிரில் கடைசிக் கொஞ்சம் எரிவாயு ஆவியாகாமல் அடியில் தங்கித் திரும்பிப் போகும். மாற்றும்போது தராசில் வைத்து, கழுத்துப் பட்டையில் குத்தியிருக்கும் வெற்று எடையைக் கழித்து எழுதினால் எண் சுத்தமாக இருக்கும். துண்டுக் கம்பி, ஹெடிங் கழிவு எல்லாம் பழைய இரும்புக்குப் போகிறதல்லவா, அதற்காக உமிழ்வில் எதையும் கழிக்க விடமாட்டார்கள். 130 டன் கம்பியின் பாரமும் 120 டன் போல்ட் தலையில்தான். கழிவைக் குறைத்து, வாங்கும் கம்பியை 130 டன்னிலிருந்து 126-க்குக் கொண்டுவந்தால் மட்டும் 8.8 டன் உமிழ்வு குறைகிறது. உங்கள் உலை மொத்தமாக விடுவது 9.5 என்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பட்டறைக்குள் நீங்கள் செய்யக்கூடியதில் டை செட்டிங் கழிவைக் குறைப்பதும் மின் உலையும்தான் சமமான இரண்டு வேலை. முன்னதற்கு முதலீடே வேண்டாம்.

பதில் 4: ஜெயநகர் வாசகி

உலக வர்த்தக அமைப்பில் விழுந்துவிடும் என்ற நம்பிக்கையைப் பற்றி. காத்திருக்காதீர்கள். ஆனால் அநியாயம் இல்லை என்று நான் சொல்லவில்லை, அநியாயம் எங்கே இருக்கிறது என்று சரியாகப் பார்க்க வேண்டும்.

ரஷ்யா 2025 மே மாதம் சிபாமுக்கு எதிராக அங்கே முறையீட்டைத் தொடங்கியது. குழு அமைந்து, தீர்ப்பு வந்து, தோற்றவர் மேல்முறையீடு செய்தால் கேட்க ஆளில்லை. புதிய உறுப்பினர் நியமனத்தை அமெரிக்கா தடுத்ததால் மேல்முறையீட்டு அமைப்பு 2019 டிசம்பரிலிருந்து செயல்படவில்லை. வழக்குப் பொருளிலும் முன்னுதாரணம் நமக்குச் சாதகமாக முழுவதும் இல்லை. கடல் ஆமையைக் காக்க என்று அமெரிக்கா இறால் இறக்குமதியைத் தடுத்தபோது இந்தியா, மலேசியா, பாகிஸ்தான், தாய்லாந்து சேர்ந்து வழக்குப் போட்டன. 1998 தீர்ப்பில் நாம் ஜெயித்தோம். ஆனால் சுற்றுச்சூழல் நோக்கம் தவறு என்று சொல்லவில்லை, அமல்படுத்திய விதம் பாரபட்சம் என்றுதான் சொன்னார்கள். அமெரிக்கா விதத்தைத் திருத்தியது, 2001-இல் அந்தத் தடை செல்லும் என்றாகிவிட்டது. சிபாமை எழுதியவர்கள் இதை நன்றாகப் படித்தவர்கள். சொந்த நாட்டில் கட்டிய கார்பன் விலையைக் கழிக்கும் பிரிவை உள்ளே வைத்ததே அதற்காகத்தான்.

நம் பக்கத்து வலுவான வாதம் வேறிடத்தில் இருக்கிறது. 1992 காலநிலை உடன்படிக்கையின் 3ஆம் பிரிவு, பொறுப்பு எல்லோருக்கும் பொது, ஆனால் அளவு வேறு என்கிறது. அதே பிரிவின் 5ஆம் பத்தி, காலநிலைக்காக ஒரு நாடு தனியாக எடுக்கும் நடவடிக்கையும் மாறுவேடம் போட்ட வர்த்தகத் தடையாக இருக்கக் கூடாது என்கிறது. தலைக்குச் சுமார் 2 டன் கார்பன் டை ஆக்சைடு விடும் நாட்டுச் சின்னப் பட்டறைக்கும், அதைப்போல் சுமார் இரண்டரை மடங்கு விடும் ஐரோப்பியருக்கும் ஒரே தராசு. வசூலாகும் பணம் அவர்கள் பட்ஜெட்டுக்குப் போகிறது; ஏழை நாட்டு ஆலை மாறுவதற்கு என்று கட்டாயமாக ஒதுக்குவதில்லை. 10, 20, 30 என்று ஏறும் கூடுதல் சதவீதமோ, மாசுக்கான தண்டனை என்பதைவிடக் காகிதம் இல்லாததற்கான தண்டனை. பெரிய ஆலைக்குக் காகிதம் எளிது, 15 பேர் வேலை செய்யும் யூனிட்டுக்கு அதுவே மலை. இதற்கு மேல், 2025 ஆகஸ்ட் 21 கூட்டறிக்கையில் சிபாம் அமலில் கூடுதல் நெகிழ்வு பற்றி அமெரிக்காவுக்கு ஐரோப்பிய ஒன்றியம் வாக்குக் கொடுத்தது. வலியவருக்கு வளையும் விதி மற்றவருக்கும் வளைய வேண்டும் என்று கேட்பது நம் உரிமை. டெல்லி அதை விட்டுக்கொடுக்கக் கூடாது.

பதில் 5: அல்சூர் ஏரிக்கரை

வாசகி அம்மா சொன்னதில் நியாய அநியாயம் பற்றி எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் பணம் போகும் திசையை நம்மாலேயே மாற்ற முடியும்போது அதைச் செய்யாமல் உரிமை பேசுவது எனக்குச் சரியாகப் படவில்லை. இங்கேயே கார்பன் விலை வசூலித்தால் அந்த அளவு அங்கே கழிந்துவிடும், பணம் நம் கஜானாவில் நிற்கும், அதைக் கொண்டே ஆலைகளை மாற்றலாம். துருக்கி 2025 ஜூலையில் காலநிலைச் சட்டம் கொண்டுவந்தது. சீனா தன் கார்பன் சந்தைக்குள் எஃகு, சிமென்ட், அலுமினியம் மூன்றையும் அதே ஆண்டு சேர்த்தது.

நம்மிடம் என்ன இருக்கிறது? 2023 ஜூனில் அறிவித்த கார்பன் கிரெடிட் வர்த்தகத் திட்டம். நல்ல தொடக்கம்தான். ஆனால் அது ஒரு டன் உற்பத்திக்கு இவ்வளவு உமிழ்வு என்று இலக்கு வைக்கும் முறை. இலக்கைத் தொட்ட ஆலை ஒரு ரூபாயும் கட்டாது. கட்டாத விலையை ஐரோப்பாவில் கழிக்க முடியாது. நிலக்கரி செஸ் கட்டினோமே என்பார்கள். டன்னுக்கு 400 ரூபாய் என்று இருந்த அந்தச் செஸ் 2025 செப்டம்பர் 22-இல் நீங்கி, ஜி.எஸ்.டி. 5-இலிருந்து 18 சதவீதமாகிவிட்டது. இருந்த காலத்திலும் என்ன மதிப்பு? ஒரு டன் நிலக்கரி எரிந்தால் சுமார் ஒன்றரை டன் கார்பன் டை ஆக்சைடு என்று வைத்தால், ஒரு டன் உமிழ்வுக்கு 270 ரூபாய். மேலே கணக்குப்பிள்ளை வைத்த 75 யூரோ என்பது 7,500 ரூபாய். யானைப் பசிக்குச் சோளப்பொரி.

பதில் 6: ஜெயநகர் வாசகி

அல்சூர் சார், உள்ளூர் விலை வைத்தால் அது ஏற்றுமதிக்கு மட்டுமா, எல்லா எஃகுக்குமா? எல்லாவற்றுக்கும் என்றால் இங்கே வீடு கட்டுகிறவர் கம்பிக்கும் ஐரோப்பிய விலை நிலவரத்தைக் கட்ட வேண்டும். ஏற்றுமதிக்கு மட்டும் என்றால் அது உமிழ்வைக் குறைக்கும் திட்டமா, வெறும் ஏற்றுமதி வரியா என்று அவர்களே கேட்பார்கள். சட்டத்தில் உமிழ்வைக் குறைக்கும் திட்டத்தின் கீழ் கட்டிய விலை என்றுதான் இருக்கிறது. விலைக்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று பாக்கி இருக்கிறது. எஃகு அமைச்சகம் 2024 டிசம்பர் 12-இல் பசுமை எஃகுக்கு வரையறை வெளியிட்டது: டன்னுக்கு 2.2-க்குக் கீழே என்றால் பசுமை, 1.6-க்குக் கீழே ஐந்து நட்சத்திரம். அந்த நட்சத்திரத்துக்கு ஆலை எப்படியும் உமிழ்வை அளந்தாக வேண்டும். அதே அளவீட்டை ஐரோப்பிய முறையிலும் எழுதி, ஹீட் நம்பரோடு சேர்த்து, கம்பி வாங்கும் கடைசி யூனிட் வரை இலவசமாகப் போகும்படி கட்டாயமாக்கலாம். இந்திய அங்கீகாரம் பெற்ற சரிபார்ப்பாளரை ஏற்கச் சொல்லி ஐரோப்பாவோடு பேசலாம். கோர்ட்டுக்குப் போகாமலே பீன்யாக்காரருக்கு நாளைக்கே பயன்படுவது இந்த இரண்டும்தான்.

பதில் 7: அல்சூர் ஏரிக்கரை

அந்த இரண்டையும் முதலில் செய்ய வேண்டும் என்பதில் முழுச் சம்மதம். எல்லா எஃகுக்கும் விலை வைத்து, வசூலை வீட்டுக்கம்பிக்குத் திருப்பிக் கொடுக்க வழி உண்டு என்பது என் கட்சி. திருப்பிக் கொடுத்த அளவை அங்கே கழிக்க விடமாட்டார்கள் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். அதைத் தனி இழையில் எழுதுகிறேன், இவர் கேள்வியை அது மூடிவிடக் கூடாது.

கேட்டவர்: பீன்யா போல்ட்காரர்

புரிந்தது. சோலாரை இதற்காக அவசரப்படுத்த மாட்டேன். ஸ்டாக்கிஸ்டிடம் டேக்கோடு காயில், ஆலைக்குக் கடிதம், டிசம்பர் 31 இருப்பு மூன்றும் இந்த வாரமே தொடங்குகிறது. கடைசியாக ஒன்று: இங்கிலாந்துக்கு அடுத்த ஆண்டு 15 டன் பேச்சு நடக்கிறது. 50 டன்னுக்குக் கீழே என்பதால் அங்கே தொல்லை இல்லைதானே?

பதில் 8: சரக்குச்சீட்டு

இங்கிலாந்து தனி. அவர்களுடைய சிபாம் 2027 ஜனவரி 1-இல் தொடங்குகிறது, எஃகும் அதில் உண்டு. அங்கே விலக்கு எடையில் இல்லை, மதிப்பில்: இறக்குமதியாளருக்கு 12 மாதத்தில் 50,000 பவுண்டு. இதிலும் உங்கள் 15 டன்னை மட்டும் பார்க்காதீர்கள், அவர் வாங்கும் சிபாம் சரக்கு அனைத்தின் மதிப்பையும் கேளுங்கள். ஜெர்மனிக்காக எடுக்கும் ஹீட் நம்பர் பதிவும் சிலிண்டர் எடையும் அங்கேயும் அப்படியே உதவும். படிவமும் குறியீடும்தான் மாறும்.